சக மாணவரின் கட்டுரைக்குக் கைகொடுப்பது எப்படி: பேனாவைத் தொடாமல் உதவ ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரி எழுத்துதவி மையத்தில் சேர்ந்திருப்பீர்கள். அல்லது துறையில் யாரோ உங்களை "நல்லா எழுதுறவங்க" என்று கைகாட்டியிருப்பார்கள். நாளைக்கு ஒருவர் தன் வரைவோடு வந்து எதிரே உட்காரப் போகிறார். அந்த முக்கால் மணி நேரத்தை எப்படி நடத்துவது என்பதுதான் இங்கே விஷயம்.

புதிதாக உதவ வருபவர்களைப் பார்த்ததில் ஒன்று தெரிகிறது. மொழி தெரியாமல் தடுமாறுபவர்கள் குறைவு. வரிசை மாறித் தடுமாறுபவர்களே அதிகம். முதல் வரியிலேயே ஒற்றுப்பிழை திருத்த ஆரம்பிப்பார்கள், நேரம் முடியும்போது மூன்றாவது பத்தியில் நிற்பார்கள். கேட்ட கேள்விக்கே கட்டுரை பதில் சொல்லவில்லை என்பது இருவர் கண்ணிலும் பட்டிருக்காது. அதனால் கீழே உள்ள படிகளில் எதையாவது சுருக்க வேண்டியிருந்தால் சுருக்குங்கள்; வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டியவை

நேரம் ஒதுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: ஆசிரியர் கொடுத்த கேள்வித்தாள், மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று சொல்லும் ரூப்ரிக், வரைவின் இரண்டு பிரதிகள். வரைவை வரிகளுக்கிடையே நல்ல இடைவெளி விட்டு அச்செடுத்து வரட்டும். திரையில் பார்த்தால் கை தானாகக் கீபோர்டுக்குப் போகும். காகிதத்தில் எல்லாப் பக்கங்களையும் மேசையில் பரப்பி ஒரே பார்வையில் பார்க்கலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே கேட்க வேண்டும்: இந்த வேலைக்குப் பிறர் உதவி பெற அனுமதி உண்டா? வீட்டில் எழுதித் தரும் தேர்வு போன்றவற்றில் வெளி உதவி தடைசெய்யப்பட்டிருக்கலாம். சந்தேகம் இருந்தால் மாணவரே ஆசிரியரிடம் கேட்டு வரட்டும். கட்டுரையைப் பார்த்து முடித்த பிறகு இந்தக் கேள்வி வந்தால் இருவருக்குமே சிக்கல்.

நீளத்தையும் பேசிக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரத்தில் நாலைந்து பக்கங்களை ஒழுங்காகப் பார்க்கலாம். நாற்பது பக்க ஆய்வேட்டு அத்தியாயம் என்றால் எந்தப் பகுதியைப் பார்ப்பது என்று அவரே தேர்ந்தெடுத்து வர வேண்டும்.

வரைவை முன்னதாகவே வாங்கிப் படித்துவிடலாமா? சின்னக் கட்டுரைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. முன்பே படித்தால் கையில் ஒரு தீர்ப்புப் பட்டியலோடு உட்காருவீர்கள், எழுதியவர் தலையாட்டும் ஆளாகிவிடுவார். நீண்ட அத்தியாயமாக இருந்தால் முன்னுரையையும் உள்தலைப்புகளையும் மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

2. முதல் ஐந்து நிமிடம் பேச்சு மட்டும்

தாளை வாங்க உடனே கையை நீட்டாதீர்கள். பக்கவாட்டில் உட்காருங்கள், எதிரெதிரே உட்கார்ந்தால் நேர்முகத் தேர்வு மாதிரி ஆகிவிடும். தாள் எழுதியவர் முன்னால் இருக்கட்டும், பேனாவும் அவர் கையிலேயே இருக்கட்டும்.

முதலில் நான்கு கேள்விகள். எப்போது கொடுக்க வேண்டும்? இது முதல் வரைவா, கடைசி வரைவா? ஆசிரியர் ஏற்கெனவே ஏதாவது சொன்னாரா? உங்களுக்கு எந்த இடத்தில் உறுத்துகிறது?

இவற்றில் டெட்லைன்தான் மிச்ச எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பத்து நாள் இருந்தால் கட்டுரையை உடைத்துக் கட்டலாம். நாளை காலை என்றால் முடியாது, முயலவும் கூடாது.

கடைசிக் கேள்விக்கு வரும் வழக்கமான பதில்: "கிராமர் மட்டும் பார்த்துடுங்க, போதும்." இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டுரையில் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிகிறது, அதற்கு அவரிடம் இருக்கிற ஒரே பெயர் கிராமர். அதற்காக மறுத்துவிடவும் கூடாது. "சரி, முடிவில் ஒரு பத்து நிமிடத்தை அதற்கு வைத்துக்கொள்வோம். அதற்கு முன் கேள்வியையும் கட்டுரையையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்துவிடலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வாக்குக் கொடுத்த அந்தப் பத்து நிமிடத்தைப் பிறகு விழுங்கிவிடாதீர்கள்.

3. கட்டுரைக்கு முன் கேள்வித்தாள்

கேள்வித்தாளை மாணவரே வாய்விட்டு வாசிக்கட்டும். அப்புறம், என்ன செய்யச் சொல்கிறது என்பதைத் தன் வார்த்தையில் சொல்லட்டும். வினைச்சொற்களுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள்: விவரி, ஒப்பிடு, மதிப்பிடு, விவாதி. 'ஒப்பிடுக' என்ற கேள்விக்கு முதல் பாதியில் ஒன்றையும் இரண்டாம் பாதியில் இன்னொன்றையும் விவரித்துவிட்டு, இரண்டையும் எங்கேயும் பக்கத்தில் வைத்துப் பார்க்காத கட்டுரைகள் ஏராளம். 'மதிப்பிடுக' என்றால் எழுதியவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நிறைய பேர் தகவலைக் கொட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

ரூப்ரிக் இருந்தால் எதற்கு அதிக மதிப்பெண் என்று மட்டும் பாருங்கள். மொழிக்குப் பத்தில் ஒரு பங்கும் வாதத்துக்கு நாலு பங்கும் இருந்தால், நேரத்தை எங்கே செலவிடுவது என்று நீங்கள் விளக்கவே வேண்டாம்.

கேள்வியே குழப்பமாக இருக்கிறதா? ஆசிரியர் என்ன நினைத்திருப்பார் என்று நீங்கள் ஊகிக்காதீர்கள். ஆசிரியருக்கு அனுப்ப வேண்டிய கேள்வியை இருவரும் சேர்ந்து இரண்டே வரியில் எழுதுங்கள்.

4. வாய்விட்டு வாசித்தல்

இப்போதுதான் கட்டுரை. யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். மௌனமாக நீங்கள் படித்துக்கொண்டிருந்தால், எழுதியவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்.

யார் வாசிப்பது என்பதை அவரிடமே கேளுங்கள். எழுதியவர் வாசித்தால் தன் நாக்கு எங்கே தடுக்குகிறது என்று அவருக்கே தெரியும். ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு: தாளில் விட்டுப்போன சொல்லை வாய் தானாக நிரப்பிவிடும். நீங்கள் வாசித்தால் தாளில் இருப்பது மட்டுமே காதில் விழும். தாய்மொழி அல்லாத மொழியில் எழுதியவருக்கு வாசிக்கக் கூச்சமாக இருக்கலாம். அங்கே நீங்கள் வாசிப்பதே நல்லது.

வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி விமர்சிக்காதீர்கள். குழம்பிய இடத்தில் உங்கள் பிரதியின் ஓரத்தில் ஒரு புள்ளி, நன்றாக இருந்த இடத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். நேரம் பற்றாவிட்டால் முன்னுரை, நடுவில் ஒரு பத்தி, முடிவுரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கிற நேரத்தை வாசித்தே தீர்த்துவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு.

5. பெரியது முதலில், சின்னது கடைசியில்

அமர்வின் மையம் இதுதான். மற்றப் படிகளைவிட அதிக நேரத்தை இங்கே போடுங்கள்.

பார்க்க வேண்டிய வரிசை: கட்டுரை கேள்விக்குப் பதில் சொல்கிறதா, அந்தப் பதில் ஒரு வாக்கியமாக எங்காவது இருக்கிறதா, பத்திகள் அதை நோக்கி நகர்கின்றனவா, ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் இருக்கிறதா. இவை முடிந்த பிறகே வாக்கியமும் எழுத்துப்பிழையும்.

காரணம் எளிது. நாளை நீக்கப்போகும் பத்தியில் இன்று ஒற்றுப்பிழை திருத்தினால் அது வீண் வேலை. அதைவிட மோசம், நன்றாக மெருகேற்றிய பத்தியை நீக்க எழுதியவருக்கு மனசு வராது. வேண்டாத பத்தி அழகாகி அங்கேயே தங்கிவிடும்.

கட்டமைப்பைப் பார்க்க எனக்குத் தெரிந்த சிறந்த கருவி பின்வரைபடம். கட்டுரை எழுதிய பிறகு, ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் ஒரே வரியில் எழுதுவது. எழுதுவது மாணவர், நீங்கள் அல்ல. ஒரு மாதிரி பார்ப்போம். கேள்வி இது: 'தூங்கும் முன் போன் பார்ப்பது மாணவர்களின் படிப்பைப் பாதிக்கிறதா? மதிப்பிடுக.' ஓரத்தில் வந்த வரிகள்:

பத்தி 1: தூக்கம் உடலுக்கு அவசியம்.
பத்தி 2: போன் எப்படி வளர்ந்தது.
பத்தி 3: இரவில் போன் பார்ப்பவர்கள் தாமதமாகத் தூங்குகிறார்கள்.
பத்தி 4: தூக்கம் குறைந்தால் படித்தது நினைவில் நிற்காது.
பத்தி 5: தூக்கம் உடலுக்கு அவசியம்.
பத்தி 6: போன் மட்டும் காரணம் இல்லை, டெட்லைன் நெருங்கினால் போனைத் தொடாதவர்களும் தூங்குவதில்லை.

இந்த ஆறு வரிகளைத் தொடர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒன்றும் ஐந்தும் ஒன்றே என்பதை அவரே கண்டுபிடிப்பார். இரண்டாவது பத்தி கேள்வியைத் தொடவே இல்லை என்பதும் தெரியும். ஆறாவதில்தான் மதிப்பீடே இருக்கிறது. இது மிகச் சாதாரணமாக நடப்பது: எழுதிக்கொண்டே போகும்போதுதான் தன் கருத்து என்ன என்று எழுதுபவருக்குத் தெரிகிறது, அதனால் உண்மையான வாதம் கடைசிப் பத்தியில் போய் உட்கார்ந்திருக்கும். அதை முன்னுரைக்குக் கொண்டுவந்தால் பாதிக் கட்டுரை சரியாகிவிடும்.

ஓரத்தில் ஒரு வரி எழுத முடியாமல் அவர் தவித்தால் அதுவும் ஒரு தகவல்தான். அந்தப் பத்தியில் இரண்டு கருத்துகள் இருக்கலாம், அல்லது ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம்.

இப்படிப் பார்த்தால் பல குறைகள் தெரியவரும். எல்லாவற்றையும் சொல்ல ஆசைப்படாதீர்கள். ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. எட்டுக் குறை கேட்டவர் வீட்டுக்குப் போய் எட்டில் எளிதான இரண்டைத் திருத்துவார், அவை எழுத்துப்பிழைகளாக இருக்கும்.

6. சொல்லாமல் நகர்த்துவது, சொல்லியே ஆக வேண்டியது

பேனா அவரிடம் இருந்தால் உங்களுக்கு மிச்சம் இருப்பது கேள்விகள்தான். கேள்வியிலும் வகை உண்டு. "இதை ஏன் இங்கே எழுதினீங்க?" என்றால் குற்றச்சாட்டாகக் கேட்கும், அவர் காரணம் சொல்லித் தற்காத்துக்கொள்வார். "மூணாவது பத்தி முடிஞ்சதும் நான் இதை எதிர்பார்க்கலை. உங்க மனசுல என்ன தொடர்பு இருந்தது?" என்றால் வாசகருக்கு என்ன நேர்ந்தது என்று சொல்கிறீர்கள். வாசகர் குழம்பினார் என்பதை யாரும் மறுக்க முடியாது.

அவர் வாயால் சொல்லும் பதில் பல நேரம் தாளில் இருப்பதைவிடத் தெளிவாக இருக்கும். அந்த நொடியில், "இப்ப சொன்னதை அப்படியே எழுதுங்க" என்று சொல்லி நிறுத்துங்கள். சொன்னதை நீங்கள் அழகுபடுத்தித் திருப்பிச் சொன்னால், அது உங்கள் வாக்கியமாகக் கட்டுரைக்குள் போய்விடும்.

கேள்வி கேட்ட பிறகு வரும் மௌனத்தைத் தாங்கப் பழகுங்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். புதியவர்கள் மூன்றிலேயே பொறுக்க முடியாமல் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

ஜூனியர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். "அக்கா, நீங்களே சொல்லிடுங்க, நான் எழுதிக்கறேன்" என்பார்கள். மூத்தவர் சொன்னால் தப்பாக இருந்தாலும் எழுதிக்கொள்வார்கள். இங்கே இரண்டு வழிகளை நீங்கள் சொல்லி, எது பொருந்தும், ஏன் என்று அவரைத் தேர்ந்தெடுக்க வைக்கலாம். அது முழுப் பதிலைக் கொடுப்பதும் இல்லை, அம்போவென விடுவதும் இல்லை.

இதையே மதமாக்கிக்கொள்ளவும் வேண்டாம். மேற்கோள் வடிவம், ஆய்வறிக்கையில் எந்தப் பகுதி எங்கே வரும், துறைக்கான கலைச்சொல் போன்றவற்றை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அவருக்குத் தெரியாத விதியைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்பது வதை. நேராகச் சொல்லுங்கள், எங்கே பார்ப்பது என்று காட்டுங்கள்.

பேசி முடித்ததும் ஏழெட்டு நிமிடம் அவரை எழுத விட்டு, மேசையை விட்டு எழுந்து போய்விடுங்கள். பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் எழுத வராது. 'வீட்டில் போய்ப் பண்ணிக்கறேன்' என்று எடுத்துப்போன மாற்றத்தில் பாதி வழியிலேயே மறந்துபோகும். ஒரு பத்தியையாவது அங்கேயே மாற்றிப் பார்த்தவருக்கு மிச்சம் எப்படி என்று தெரிந்திருக்கும்.

7. வாக்கியங்கள்: பிழையை அல்ல, பிழையின் பழக்கத்தைப் பிடியுங்கள்

வாக்குக் கொடுத்த பத்து நிமிடம் இது. முழுக் கட்டுரையையும் திருத்தாதீர்கள். ஒரே ஒரு பத்தியை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் இரண்டு பழக்கங்களைக் கண்டுபிடியுங்கள். முதல் இடத்தை எப்படித் திருத்துவது என்று நீங்கள் விளக்குங்கள், இரண்டாவதை அவர் திருத்தட்டும், மூன்றாவது எங்கே இருக்கிறது என்று அவரே தேடட்டும்.

தமிழில் எழுதுபவர்களிடம் அடிக்கடி வருவது எண் மயக்கம்: 'தரவுகள் காட்டுகிறது' என்பது 'காட்டுகின்றன' என்று வர வேண்டும். அடுத்தது ஒற்று. 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பின் வல்லினம் மிகும் என்ற ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் 'ஆய்வை செய்தோம்', 'மாணவருக்கு கொடுத்தோம்' போன்றவை மொத்தமாகச் சரியாகும். சந்தி இலக்கணம் முழுவதையும் அன்றைக்கே நடத்தப் பார்க்காதீர்கள்.

இவற்றைவிடக் கெட்டது எழுவாய் தொலைந்த நீள வாக்கியம்: 'வினாநிரல் தயாரிக்கப்பட்டு, மாணவர்களைச் சந்தித்து, பதில்கள் பெறப்பட்டு, ஆய்வு முடிந்தது.' யார் தயாரித்தார்கள், யார் சந்தித்தார்கள்? "இதை யார் செஞ்சது?" என்று ஒவ்வொரு வினைக்கும் கேட்டுக்கொண்டே போனால் வாக்கியம் தானாக இரண்டாகப் பிரியும்.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு ஆர்ட்டிகிளும் (a, an, the) வினையின் காலமும் தடுக்கும். பொருளை மாற்றாத ஆர்ட்டிகிள் பிழையை விட்டுவிட்டு, பொருளைக் குழப்பும் காலப் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள்.

8. மேற்கோளும், அவர் எழுதாத பத்தியும்

ஒரு பத்தி மட்டும் திடீரென்று வேறு குரலில் பேசும். பிடித்துவிட்ட தோரணையில் பேசாதீர்கள். காவல் வேலை உங்களுடையது அல்ல. "இந்தப் பத்தியை உங்க வார்த்தையில் எனக்குச் சொல்லுங்க" என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால், மூலத்தை மூடிவைத்துவிட்டு அப்படியே எழுதச் சொல்லலாம். மூலத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுவதுதான் பெரும்பாலான கருத்துத் திருட்டுச் சிக்கல்களின் ஆரம்பம். தன் வார்த்தையில் எழுதினாலும் மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றில் எடுத்தது என்று அவரே சொன்னால், முதல் வேலை அந்தப் பாடத்தின் விதி என்ன என்று பார்ப்பது. ஆசிரியருக்கு ஆசிரியர் இது மாறுகிறது. அது கொடுத்த நூல்பட்டியல் இருந்தால் ஒவ்வொன்றையும் நூலகத் தேடலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாத கட்டுரைகள் அசல் போலவே வந்து நிற்கும்.

மேற்கோள் வடிவத்தில், ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை) உரைக்குள் நூலாசிரியர் பெயரையும் ஆண்டையும் கேட்கும். எம்எல்ஏ (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்தின் முறை) பெயரையும் பக்க எண்ணையும் கேட்கும். சீனியர் கொடுத்த பழைய மாதிரியைப் பார்த்து எழுதுபவர்கள் அதிகம். ஏபிஏ கையேட்டின் 7ஆம் பதிப்பு 2019இல் வந்தது. அதில் பதிப்பகத்தின் ஊரைக் குறிப்பிட வேண்டியதில்லை. எம்எல்ஏ 9ஆம் பதிப்பு 2021இல் வந்தது. துறை எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

9. கடைசி ஐந்து நிமிடம்

நீங்கள் தொகுத்துச் சொல்லாதீர்கள். அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று அவரே சொல்லி, அவர் தாளிலேயே, நாளோடு எழுதிக்கொள்ளட்டும். 'முன்னுரையை மாத்தணும்' என்பது போதாது. 'ஆறாவது பத்தியை முன்னால் கொண்டுவந்து இரண்டாவதை நீக்கணும், வியாழன் ராத்திரிக்குள்' என்று இருக்க வேண்டும்.

"எவ்வளவு மார்க் வரும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். சொல்லாதீர்கள். நல்ல மதிப்பெண் என்று சொல்லி வராவிட்டால் நம்பிக்கை போகும், குறைவு என்று சொன்னால் அன்றே சோர்ந்துவிடுவார். ஆசிரியரைக் குறை சொல்வதிலும் சேர்ந்துகொள்ள வேண்டாம்.

அவர் போனதும் மூன்று வரி குறித்துவையுங்கள்: எதைப் பார்த்தோம், எதை விட்டோம், அடுத்து என்ன. அவர் ஒப்புதல் இல்லாமல் அந்தக் குறிப்பு ஆசிரியரிடம் போகக் கூடாது. கட்டுரையில் படித்த சொந்த விஷயங்களும் அந்த மேசையோடு நிற்க வேண்டும்.

10. கோப்பை மட்டும் அனுப்பினால்

நேரில் வராமல் கூகுள் டாக்ஸில் பகிர்வார்கள். முதல் வேலையாக எடிட்டிங்கிலிருந்து சஜெஸ்டிங்குக்கு மாறுங்கள். வேர்டு என்றால் ட்ராக் சேஞ்சஸைப் போடுங்கள். இல்லாவிட்டால் எது அவர் எழுத்து, எது உங்களுடையது என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது.

மேலே ஒரு சிறு கடிதம்: கட்டுரை என்ன சொல்வதாக நீங்கள் புரிந்துகொண்டீர்கள், எது நன்றாக இருக்கிறது, எந்த ஒன்றை மாற்றினால் அதிகப் பலன். பிறகு ஓரக் குறிப்புகள் நாலைந்து போதும். 'தெளிவில்லை' என்று மட்டும் எழுதினால் அதுவே தெளிவில்லை. 'இங்கே "இது" என்பது போனையா, தூக்கத்தையா?' என்று எழுதுங்கள். முகம் தெரியாததால் எழுத்தில் தொனி கடுமையாகத்தான் விழும். அனுப்புமுன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

11. வழக்கம் உடையும் இடங்கள்

வெற்றுத் தாளோடு வருபவர்: வரைவு இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். மூன்றாம் படியோடு ஆரம்பித்து, அவர் பேசப் பேச முக்கியச் சொற்களை நீங்கள் குறித்துக்கொடுங்கள். நீங்கள் பேனா பிடிக்கலாம் என்று நான் ஒத்துக்கொள்ளும் ஒரே இடம் இது. அவர் சொன்ன சொல்லை மட்டும் எழுதுங்கள், உங்களுடையதைச் சேர்க்காதீர்கள்.

நாளை காலை டெட்லைன் உள்ளவர்: கட்டமைப்பை உடைக்க வேண்டாம். வாதத்தைச் சொல்லும் ஒரு வாக்கியத்தை முன்னுரையில் சேர்ப்பது, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் அதோடு இணைப்பது, மேற்கோள்களைச் சரிபார்ப்பது. இந்த மூன்றும் ஒரு ராத்திரியில் முடியும்.

உங்களுக்குத் தெரியாத பாடம்: வெப்ப இயக்கவியல் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். விளக்கம் எங்கே அறுந்துபோகிறது என்று தெரியாதவருக்குத்தான் சட்டென்று புலப்படும். பாடம் சரியா தவறா என்ற கேள்வி வந்தால் ஆசிரியரிடம் அனுப்புங்கள்.

கலங்கிப்போய் வருபவர்: கட்டுரையை மூடிவையுங்கள், பேச விடுங்கள். கட்டுரையைத் தாண்டிய கவலை என்று தெரிந்தால் கல்லூரியின் மனநல ஆலோசகரிடம் கூடவே அழைத்துப்போங்கள். முகவரியை மட்டும் எழுதிக்கொடுத்தால் பலர் போவதில்லை.

நெருங்கிய நண்பர்: முடிந்தால் வேறொருவரிடம் அனுப்புங்கள். நண்பர் உங்களையே எழுதித் தரச் சொல்வார், நீங்களும் எழுதித் தந்துவிடுவீர்கள்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் திரும்ப வருபவர்: உட்கார்ந்ததும் பழைய குறிப்பை எடுத்து, போன தடவை சொன்னதில் எதை இந்த முறை தானாகவே செய்து பார்த்தார் என்று கேளுங்கள். பின்வரைபடத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தால் ஐந்தாம் படியைச் சீக்கிரம் முடித்துவிட்டு, இத்தனை நாள் நேரம் கிடைக்காத ஆதாரப் பகுதிக்குப் போகலாம். போடாமல் வந்திருந்தால், தாளையும் பேனாவையும் அவரிடம் கொடுத்து முதலில் அதைப் போடச் சொல்லுங்கள்.